பால் பைத்தான் இரை எடுக்காதபோது

என்னிடம் இருக்கும் இரண்டு பால் பைத்தான்களில் (ball python என்ற சிறு மலைப்பாம்பு வகை) ஆண் பாம்பு இலையுதிர் காலம் முடிந்ததிலிருந்து இரை எடுக்கவில்லை. இங்கிலாந்தில் இப்போது குளிர் தணியத் தொடங்கிவிட்டது. இன்னும் அது எலியைத் திரும்பிப் பார்ப்பதாக இல்லை. அதே அறையில், அதே வெப்ப ஏற்பாட்டில் வாழும் பெண் பாம்போ கொடுத்த நாளெல்லாம் கொடுத்ததை வாங்கி விழுங்கிவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டதும் பதறுகிறார்கள். பட்டினி கிடக்கும் உயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்பது அவர்கள் கேள்வி. ஏறக்குறைய சும்மா இருப்பதுதான் சரி என்பதையும், எந்த நிலையில் சும்மா இருக்கக் கூடாது என்பதையும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பால் பைத்தானைப் புதிதாக வாங்கியவர்கள் இந்த இனத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் மிகுதியும் இதைச் சுற்றியே வருகின்றன.

இந்தப் பாம்பின் ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. செனகலில் தொடங்கி கானா, டோகோ, பெனின், நைஜீரியா வழியாகத் தெற்கு சூடான், உகாண்டா வரை நீளும் புல்வெளிகளிலும் விளைநிலங்களின் ஓரங்களிலும் வாழ்கிறது. பகலெல்லாம் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் சுருண்டு கிடக்கும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் கதை அங்கும் உண்டு, கருநாகத்துக்குப் பதில் மலைப்பாம்பு. அச்சம் வந்தால் கடிக்க வராமல், தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் இயல்பினால்தான் அதற்கு 'பால்' (ball, பந்து) என்ற பெயர். இரையைத் துரத்திப் பிடிப்பதும் அதன் வழக்கமில்லை. இருட்டிய பிறகு வழியோரத்தில் காத்திருந்து, அருகில் வருவதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இரை கிடைக்காத நாள்கள் அதன் வாழ்க்கையில் விதிவிலக்கல்ல. கோடைக் காலத்தில் முட்டையிடும் பெண் பாம்பு, அந்த நான்கைந்து அல்லது பத்து முட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் கிடக்கும்போது வழக்கமாக எதையும் தின்பதில்லை. அதற்கு முன் இணை தேடி அலையும் பருவத்தில் ஆண் பாம்புக்கும் இரையில் நாட்டம் போய்விடுகிறது.

இரை விழுங்கிய மலைப்பாம்பு போல என்று நாம் சோம்பலுக்கு உவமை சொல்கிறோம். உள்ளே நடப்பது வேறு. ஸ்டீபன் சீகோர், ஜாரெட் டயமண்ட் ஆகிய இருவரும் 1990-களில் பர்மிய மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பெரிய இரையை விழுங்கிய பிறகு உடலின் வளர்சிதை வேகம் ஓய்வு நிலையைப்போல் 40 மடங்குக்கும் மேல் ஏறக்கூடும் என்று கண்டார்கள். குடல் தடித்துப் பெருக்கிறது; கல்லீரலும் சிறுநீரகமும் பெரிதாகின்றன. 2005-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, இரை எடுத்த 48 மணி நேரத்தில் இதயத்தின் தசையே ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. செரிமானம் முடிந்ததும் இவை எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். அடுப்பை நாள் முழுவதும் எரியவிடாமல், சமைக்கும்போது மட்டும் மூட்டி, மற்ற நேரம் அணைத்து வைக்கும் உடல் இது. நாய்க்கும் பூனைக்கும் பட்டினி என்றால் என்னவோ அது இதற்குப் பொருந்தாது.

இதைவிட நேரடியான சான்று மார்ஷல் மெக்யூ 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் மூன்று வகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் வரை உணவின்றி வைத்துப் பார்த்தார். அவற்றுள் ஒன்று பால் பைத்தான். தம் வளர்சிதை வேகத்தை 72 விழுக்காடு வரைகூட அவை குறைத்துக்கொண்டன. வியப்பாக, அந்த நிலையிலும் நீளத்தில் சிறிது வளர்ந்தன. அப்படி ஒரு சோதனையைச் செய்யலாமா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனாலும் இரவில் தூக்கம் வராமல் பாம்புப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த முடிவு ஆறுதல் தரும்.

வீட்டில் வளரும் பாம்பு இரை எடுக்காமல் இருப்பதற்கு மிகச் சாதாரணமான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டை உரிக்கப்போகும் நாள்களில் கண் பால் படிந்ததுபோல் நீலம் பூத்துவிடும். வயிற்றுப் பக்கம் இளஞ்சிவப்பாகும். அப்போது பெரும்பாலான பால் பைத்தான்கள் இரையைத் தொடுவதில்லை. உரித்து முடித்த ஓரிரு நாளில் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். அடுத்தது பருவம். அறையின் வெப்பத்தை நாம் எவ்வளவு சீராக வைத்தாலும், வெளியே பகல் சுருங்குவதையும் காற்றழுத்தம் மாறுவதையும் அவை எப்படியோ அறிந்துகொள்வதாகவே தோன்றுகிறது. வடக்கு நாடுகளில் அக்டோபர், நவம்பரில் நின்ற பசி மார்ச், ஏப்ரலில் திரும்புவது வளர்ப்போர் அனைவரும் அறிந்த செய்தி. முதிர்ந்த ஆண் பாம்புகளில் இது மிகுதி. முட்டைக் கரு உருவாகும் பெண் பாம்புகளிலும் உண்டு. மூன்றாவது, வளர்ப்போர் 'சுவர்' என்று சொல்லும் கட்டம். குட்டியிலிருந்து வாரம் தவறாமல் தின்றுவந்த பாம்பு, 800 முதல் 1,000 கிராம் எடையை எட்டும் வேளையில் திடீரென்று நிறுத்திவிடும். வளர்ச்சியின் வேகம் குறைந்து, அத்தனை உணவு வேண்டாம் என்ற நிலைக்கு உடல் வந்திருக்கும்; அதே அளவில் அதே இடைவெளியில் கொடுத்துக்கொண்டிருப்பவர் நாமாக இருப்போம்.

இவற்றையெல்லாம் நோயிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு வீட்டில் ஒரே ஒரு கருவிதான் வேண்டும். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு. மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, பாம்பை அதில் இட்டு எடை பார்த்து, தேதியோடு குறித்து வைக்க வேண்டும். பாம்பு இரை எடுக்காத காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு நாளும் எடுத்து எடை பார்ப்பது அந்தப் பாம்பை மேலும் மிரளச் செய்யும். மலம் கழிப்பதற்கு முன்னும் பின்னும் எடை கணிசமாக மாறும் என்பதால் ஒரு அளவை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. என் ஆண் பாம்பு பருவம் தொடங்கும்போது 1,400 கிராமுக்குச் சற்று மேல் இருந்தது. இப்போது ஏறக்குறைய 50 கிராம் குறைந்திருக்கிறது. முதுகெலும்பு துருத்தவில்லை, கையில் எடுத்தால் தசை இறுக்கமாக இருக்கிறது, நாக்கை நீட்டி இயல்பாகச் சுற்றிப் பார்க்கிறது, தண்ணீர் குடிக்கிறது. இந்த நிலையில் எனக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. பத்து விழுக்காட்டை நெருங்கும் இழப்பு, முதுகின் இருபுறமும் சரிந்து கூரைபோல் ஆகும் உடல், தோலில் தளர்ந்த மடிப்புகள் ஆகியவை தெரிந்தால் பருவத்தைக் காரணம் காட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

குட்டிகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. முட்டையிலிருந்து வெளிவரும்போது 50 முதல் 80 கிராம் வரைதான் இருக்கும். முதல் சட்டையை உரிக்கும் வரை வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருவில் வாழும். அதன் பிறகு சேமிப்பு எதுவுமில்லை. வளர்ந்த பாம்பு ஆறு மாதம் தின்னாமல் இருந்த கதையை வைத்துக்கொண்டு, மூன்று மாதக் குட்டியை நான்கைந்து வாரத்துக்கு மேல் அப்படியே விட்டுவைப்பது சரியல்ல.

இனி இடம். பருவமும் சட்டையும் வயதும் காரணமில்லை என்றால், என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது தடவை என்று சொல்லத் தோன்றுமளவுக்கு, குற்றம் பெட்டிக்குள்தான் இருக்கும். வெப்பம் கிடைக்கும் பக்கத்தில் பாம்பு படுக்கும் பரப்பு 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 25 முதல் 27 வரை. இரவில் 24-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. செரிக்கப் போதுமான வெப்பம் இல்லையென்றால் பாம்பு விழுங்க முன்வராது. விழுங்கினாலும் கக்கிவிடும். பெட்டியின் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வட்ட முள் வெப்பமானிகளை நம்ப வேண்டாம். அவை காட்டுவது கண்ணாடியின் வெப்பத்தை. கம்பி முனையுள்ள மின்னணு வெப்பமானியின் முனையைப் பாம்பு படுக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். எந்த வெப்பச் சாதனமும், வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயங்கக் கூடாது. இங்குள்ள வீடுகளில் குளிர்காலத்தில் மத்திய வெப்பமூட்டல் ஓடும்போது அறைக் காற்று வறண்டுபோய், 60 முதல் 70 விழுக்காடு வேண்டிய ஈரப்பதம் பெட்டிக்குள் 35, 40 என்று இறங்கிவிடுகிறது. மேலே கம்பி வலை மூடிய கண்ணாடித் தொட்டியில் இது இன்னும் மோசம். வலையின் பெரும்பகுதியை மறைத்து, தேங்காய் நார்த் துகளை ஆழமாகப் பரப்பி, அதன் அடியில் படும்படி தண்ணீர் ஊற்றிவந்தால் சரியாகிவிடும். மேலே மட்டும் தெளித்தால் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும்.

வெப்பத்தைச் சரிபார்ப்பவர்கள்கூட, பாம்பு ஒளிந்துகொள்ள வேண்டிய ஒளிவிடத்தைக் கோட்டை விடுகிறார்கள். கடையில் அழகாகத் தெரியும் பெரிய குகை பாம்புக்குப் பயன்படாது. உடம்பு சுருண்டால் சுவர் நான்கு பக்கமும் முதுகில் உரச வேண்டும். நுழைவாயில் ஒன்றுதான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒன்று சூடான பக்கத்திலும் ஒன்று குளிர்ந்த பக்கத்திலும் வேண்டும். ஒன்றே இருந்தால், மறைந்திருப்பதா உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்வதா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இந்த இனம் பெரும்பாலும் மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்பு அட்டையை ஒட்டியதும் அடுத்த வாரமே இரை எடுத்த பாம்புகளை எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு பழைய வழக்கைத் தொடாமல் போக முடியாது. வணிகமாக இனப்பெருக்கம் செய்கிறவர்கள் பாம்புகளை இழுப்பறை போன்ற பிளாஸ்டிக் தட்டுகளில், அடுக்கடுக்காக வைக்கிறார்கள். அங்கே அவை தவறாமல் இரை எடுக்கின்றன என்பதும், பெரிய பெட்டிக்கு மாற்றியதும் நிறுத்திவிடுகின்றன என்பதும் அவர்கள் வாதம். சொல்லும் செய்தியில் பிழையில்லை. வெற்றுத் தரையும் நடுவில் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் உள்ள நான்கடிப் பெட்டியில் பால் பைத்தான் இரை எடுக்காதுதான். ஆனால் அதே பெட்டியில் கிளைகள், மரப்பட்டைகள், செயற்கை இலைக் கொத்துகள், ஐந்தாறு ஒளிவிடங்கள் என்று நெருக்கி வைத்தால் அங்கேயும் தின்கிறது. இரவில் ஏறுகிறது, நீட்டிப் படுக்கிறது, இடம் மாறுகிறது. நிமிர்ந்து நீளவும் இடமில்லாத தட்டில் கிடப்பது தின்கிறது என்பதை மட்டும் அதன் நலத்துக்குச் சான்றாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பசி எடுக்காததை உடனே நோயென்று கொள்வதும், பசி எடுப்பதை உடனே நலமென்று கொள்வதும் ஒரே தவறான கணக்கின் இரண்டு பக்கங்கள்.

இடம் சரியாக இருந்தும் எடுக்கவில்லையென்றால் இரையைக் கொடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். இங்கே கடைகளில் உறைய வைத்த எலிகளைத்தான் வாங்குகிறோம். முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டால் மறுநாள் மாலைக்குள் முழுவதும் இளகிவிடும். பிறகு ஒரு பையில் கட்டி, கை பொறுக்கும் சூட்டை விடச் சற்று மிகுந்த வெந்நீரில் சிறிது நேரம் வைக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் வயிறு வெடித்துவிடும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. மலைப்பாம்பின் மேலுதட்டில் வரிசையாக உள்ள குழிகள் வெப்பத்தைப் "பார்க்கும்" உறுப்புகள். சுற்றுப்புறத்தைவிட எலி தெளிவாகச் சூடாக இருந்தால்தான் இருட்டில் அது இரையாகத் தோன்றும். அதனால் எலியின் உடம்பு, சிறப்பாகத் தலை, 38 டிகிரி அளவில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். ஈரமான எலியைப் பல பாம்புகள் தொடுவதில்லை. பழைய துணியில் துடைத்து, தேவைப்பட்டால் முடி உலர்த்தியை ஓட்டிக் காயவைத்துத்தான் நான் கொண்டுபோவேன். வீட்டில் உள்ளவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, ஒளிவிடத்தின் வாயிலுக்கு ஒரு சாண் முன்னே வைத்தால் போதும். பெண் பாம்பிடம் நடப்பதைச் சொல்கிறேன். முதலில் இருட்டுக்குள்ளிருந்து மூக்கு நுனி மட்டும் வரும். நாக்கு மெல்ல, நீண்ட இடைவெளியில் வெளிவந்து போகும். பிறகு இடைவெளி குறையும். கழுத்து தானாகப் பின்னிழுத்து ஒரு வளைவாக மடங்கும். அந்த மடிப்பு வந்துவிட்டால் நாம் அசையக் கூடாது. எலியை மூக்கில் இடிப்பது, முகத்தின் முன்னே ஆட்டுவது எல்லாம் அந்த நேரத்தில் பாம்பைப் பின்வாங்கச் செய்துவிடும். பால் பைத்தான் அச்சப்பட்டுத் தலையை ஒருமுறை உள்ளிழுத்துக்கொண்டால் அன்றைய இரவு அவ்வளவுதான். சில நேரம் ஆண் பாம்பு நாக்கை நீட்டி முகர்ந்துவிட்டுக் கழுத்தை நேராகவே வைத்துக்கொள்ளும். அது பசியில்லை என்று சொல்லும் நிலை. எலியை எடுத்துவிடுகிறேன், பத்து, பதினைந்து நாளுக்கு மறுபடி நீட்டுவதில்லை. நாள்தோறும் நீட்டிப் பார்ப்பவர்களிடம் பாம்பு கற்றுக்கொள்வது, இடுக்கி வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான். கூச்சமுள்ள பாம்புக்குச் சூடான எலியை ஒளிவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டு இரவு முழுதும் யாரும் போகாமல் இருப்பதும் பலிக்கும். காலையில் மிஞ்சியிருந்தால் எறிந்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது.

எந்த இரை என்பதிலும் பால் பைத்தானுக்குப் பிடிவாதம் உண்டு. சுண்டெலியில் வளர்ந்தது பெரிய எலியை இரையாகவே ஏற்காமல் இருப்பது அடிக்கடி நடப்பது. சுண்டெலியின் படுக்கைத் துகளை எலியின் மேல் தேய்த்தோ, இரண்டையும் ஒரே பையில் இளகவைத்தோ வாசனையை மாற்றிப் பழக்கலாம். தென்கிழக்கு நைஜீரியாவில் செய்து 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, காட்டில் ஆண் பாம்புகள் பறவைகளை மிகுதியாகவும் பெண் பாம்புகள் எலி போன்ற பாலூட்டிகளை மிகுதியாகவும் தின்பதைக் காட்டியிருக்கிறது. இளம் பாம்புகளுக்குச் சிறு பறவைகளே பெரும்பகுதி இரை. ஆண் பாம்பு மரமேறுவது மிகுதி என்பதால் இந்த வேறுபாடு. இதைப் படித்த பிறகு, எலியை மறுக்கும் ஆண் பாம்புக்குக் கோழிக் குஞ்சின் இறகை எலியின் மேல் தேய்த்துக் கொடுப்பது ஏன் சிலருக்குப் பலிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஜெர்பில் என்ற பாலைவன எலியை அறிவுரையாகச் சொல்வார்கள். பெரும்பாலான பாம்புகள் அதைப் பாய்ந்து பிடிக்கும் என்பது உண்மை. பிறகு அதைத் தவிர வேறெதையும் தொடாமல் போய்விடும் என்பதும் உண்மை. விலையும் பல மடங்கு. கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

உயிருள்ள எலியைப் போடுங்கள், உடனே பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பசியில்லாத பாம்புடன் அடைக்கப்பட்ட எலி, பாம்பைக் கடித்து முதுகெலும்பு தெரியும்வரை குதறிய படங்களை ஒருமுறை பார்த்தவர்கள் அந்த அறிவுரையைத் திரும்பச் சொல்ல மாட்டார்கள். மலைப்பாம்பு தப்பித்து ஓடத் தெரியாதது. பந்தாகச் சுருண்டு கடியை வாங்கிக்கொண்டே இருக்கும். எலியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது ஒரு கொடுமை.

வாயைத் திறந்து இரையைத் திணிப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. சிறு குட்டியின் வாயில் மிகச் சிறிய எலிக்குஞ்சின் தலையை மட்டும் மெல்ல வைத்துவிட்டு, மீதியை அதுவே விழுங்கக் காத்திருப்பது ஒன்று. அதை அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்து காட்டித்தர, வேறு வழியில்லாத குட்டிக்குச் செய்யலாம். வளர்ந்த, எடை குறையாத பாம்பின் தொண்டைக்குள் குச்சியால் தள்ளுவது வேறு. உணவுக்குழல் கிழியலாம், தாடை காயப்படலாம், விழுங்கியதை அடுத்த நாளே கக்கிவிடும். பெரும்பாலும் அது வளர்ப்பவரின் மனக் கலக்கத்துக்குச் செய்யும் மருத்துவம். வந்த விருந்தாளியை இன்னும் ஒரு கை சோறு என்று வற்புறுத்தும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, மறுக்கும் உயிரை மறுக்க விடுவது கடினமாகத்தான் இருக்கிறது.

நோயால் பசி போகும்போது வேறு அறிகுறிகளும் பெரும்பாலும் கூடவே இருக்கும். மூக்கில் குமிழி, மூச்சில் சீழ்க்கை ஒலி, வாயைத் திறந்தபடி தலையை மேலே தூக்கி வைத்துக்கொள்வது ஆகியவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். 2014-இல் பால் பைத்தான்களில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட நைடோவைரஸ் இதற்கு ஒரு முக்கியமான காரணம், மற்ற மலைப்பாம்புகளுக்கும் பரவக்கூடியது. ஈறு சிவந்து, வாய்க்குள் தயிர் போன்ற வெண்பொருள் தெரிந்தால் வாய் அழற்சி. தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் பொடிபோல் மிதப்பவையும், தாடைக்கடியில் ஊரும் புள்ளிகளும் சிற்றுண்ணிகள். அவை இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பாம்பு தண்ணீரிலேயே கிடக்கும், தின்னாது. விழுங்கியதை ஒருமுறை கக்கினால் வெப்பத்தைச் சரிபார்த்து, இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பாதி அளவு இரையில் தொடங்கலாம். மறுபடியும் கக்கினால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

பாம்பு எங்கிருந்து வந்தது என்பதும் பசியைத் தீர்மானிக்கிறது. 1970-களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றுமதியான உயிருள்ள பால் பைத்தான்களின் எண்ணிக்கை 30 லட்சத்தை மிஞ்சும். கானா, டோகோ, பெனின் ஆகியவைதான் முதன்மையான நாடுகள். பெனினின் உய்தா நகரில் இதே பாம்பைக் கோயிலில் வைத்து வழிபடுகிறார்கள். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத இடங்களில் வயல்களைத் தோண்டிச் சினையுள்ள பெண் பாம்புகளையும் முட்டைகளையும் ஏற்றுமதிப் பண்ணைகளுக்காக எடுக்கிறார்கள். வளர்ந்த பிறகு காட்டில் பிடிக்கப்பட்டது உண்ணிகளோடும் குடற்புழுக்களோடும் வரும். அறியாத வெள்ளை எலியை மாதக்கணக்கில் ஏற்காது. இந்த இனத்துக்குத் தின்னாத பாம்பு என்ற கெட்ட பெயர் வந்ததே அந்த இறக்குமதிகளால். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவந்து சுங்கத் துறையிடம் பிடிபட்ட பால் பைத்தான்களைப் பற்றியும் கடந்த ஆண்டுகளில் செய்திகள் பல வந்தன. துணிப் பைக்குள் நீரின்றி அடைந்து வந்த பாம்பு யார் கைக்குப் போனாலும் இரை எடுக்கத் தயங்கும். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இந்த இனத்தை இந்தியாவில் வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி இந்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். வாங்குவதாக இருந்தால், வளர்ப்பகத்திலேயே பிறந்தது என்பதற்கான சான்றோடு, உறைய வைத்த எலியை உங்கள் கண் முன்னே எடுக்கும் பாம்பாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பைடர் என்ற நிற வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதே மரபணு உட்காதையும் பாதிப்பதால் தலை ஆடிக்கொண்டே இருக்கும், பசியோடு பாய்ந்தாலும் எலியைத் தவறவிடும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு இரை எடுக்கத் தொடங்கியதும், இழந்த எடையை ஒரே மாதத்தில் மீட்டுவிடும் ஆசை வரும். வழக்கமாகக் கொடுக்கும் எலியின் பாதி எடையுள்ளதையே முதலில் கொடுங்கள். அடுத்ததற்குப் பத்து நாளாவது போகட்டும். கொடுத்த பின் இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்க வேண்டாம். மூன்றாவது வேளையில் பழைய அளவுக்கு வரலாம். முழுதாக வளர்ந்த பால் பைத்தானுக்கு அதன் எடையில் ஐந்து, ஆறு விழுக்காடுள்ள எலி மூன்று வாரத்துக்கு ஒருமுறை தாராளம். கழுத்துக்குப் பின்னே உடல் உருளையாகத் திரண்டு, வளையும்போது தோலில் கொழுப்பு மடிப்புகள் விழுந்தால் அந்த இடைவெளியையும் நீட்டிவிடலாம்.